இருபதாம் நாளுக்குப் பிறகு

என் தங்கை ஈஜிபுரா வீட்டை விட்டு பிரேசர் டவுனுக்குக் குடிபோய் இரண்டு வருடமாகிறது. ஆபீஸுக்குப் பக்கம் என்பதுதான் அவள் வெளியே சொல்லும் காரணம். அது உண்மையில்லை. பிரேசர் டவுனிலிருந்து அவள் ஆபீஸ் இன்னும் தூரம். கேட்பவர்கள் யாரும் வரைபடத்தைத் திறந்து பார்ப்பதில்லை. எங்கள் அம்மாவும் பார்க்கவில்லை.

நாங்கள் வாணியம்பாடிக்காரர்கள். பெங்களூருக்கு முதலில் வந்தது நான். ஒரு நாளிதழில் எட்டு வருடம் நிருபராக இருந்துவிட்டு, இங்கே ஒரு செய்தி இணையதளத்தின் தமிழ்ப் பிரிவில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தேன். மூன்று வருடம் கழித்து அவள் வந்தாள். அவளுக்கு ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. நாள் முழுக்க கன்னடத்திலும் தமிழிலும் மாறி மாறிப் போனில் பேசும் வேலை. இருவருக்கும் ஈஜிபுராவில் இரண்டாவது மாடியில் ஒரு படுக்கையறை வீடு. கீழே பிளைவுட் அறுக்கிற கடை.

எனக்கு ஏடிஹெச்டி என்கிற கவனக்குறைபாடும் ஆட்டிசமும் இருப்பதாக முப்பத்தாறாவது வயதில் ஒரு டாக்டர் சொன்னார். அதை வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னபோது அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு ஒரு டாக்டரா? என்னைக் கேட்டிருந்தா ஒண்ணாங்கிளாஸ்லயே சொல்லியிருப்பேன்" என்றாள்.

மாதத்தில் மூன்று வாரம் நான் சமாளித்துவிடுவேன். காலையில் ஒரு மாத்திரை, கதவில் ஒட்டிய பட்டியல், காதுக்குப் பஞ்சு. சாவி, போன், அடையாள அட்டை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வெளியே போவேன். மாதவிலக்கு வந்த நாளை ஒன்று என்று வைத்தால், இருபதாம் நாளுக்குப் பிறகு இதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். அதே மாத்திரைதான், ஆனால் விழுங்கினதே தெரியாது. நைட்டியின் கழுத்துப் பட்டையில் இருக்கும் லேபிள் முந்தைய வாரம் வரை இருந்ததே தெரியாது. அன்றைக்குத் தோலை அறுக்கும். ஒரு செய்தியை ஆறு முறை படிப்பேன். நாலாவது வரியில் ஏதோ பிழை என்று தெரியும், என்ன பிழை என்று தெரியாது. எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழும். அர்த்தம் பின்னால் தனியாக வந்து சேரும். சில சமயம் வேறு அர்த்தம் வந்து சேரும்.

பிறகு கோபம். அதைக் கோபம் என்று அப்போது நான் நினைக்கமாட்டேன், தெளிவு என்று நினைப்பேன். மற்ற மூன்று வாரமும் நான் எல்லோரிடமும் ஏமாந்துகொண்டிருந்ததாகவும், இப்போதுதான் கண் திறந்திருப்பதாகவும் தோன்றும். அந்தத் தெளிவில் இரண்டு வேலைகளை ராஜினாமா செய்திருக்கிறேன். கடிதங்களில் ஒரு எழுத்துப்பிழை கிடையாது. மாதவிலக்கு வந்த சில மணி நேரத்தில் எல்லாம் இறங்கிவிடும். யாரிடம் என்ன சொன்னேன் என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வர ஆரம்பிக்கும்.

தங்கையைப் பெண் பார்க்க வந்த நாளைச் சொல்ல வேண்டும். ஓசூரிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். கீழே பிளைவுட் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஹாலில் ஆறு பேர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். மாப்பிள்ளையின் அம்மா பூவோடு சென்ட்டும் போட்டிருந்தார். அவர், அவருடைய தங்கை, கூட வந்த பெரியவர் மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "மூத்தவ நீ இருக்கியேம்மா, நீ ஏன் இன்னும் பண்ணிக்கல?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

"பொண்ணு அவ. கேக்கறத அவகிட்ட கேளுங்க" என்றேன். "அப்புறம், மூணு பேரும் ஒரே நேரத்துல பேசறத நிறுத்துங்க. காது வலிக்குது."

சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. நாற்பது நிமிடம். நாலு நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று அம்மாவுக்குப் போன் வந்தது. தங்கைக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அன்று அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னது ஒன்றுதான்: "பஜ்ஜி நல்லாத்தான் இருந்துச்சு."

இது நடந்து ஒரு வருடத்துக்குப் பிறகு, வேறொரு டாக்டரிடம் போனேன். பெண் டாக்டர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எந்தத் தேதிகள்ல நடந்தது?" என்றார். அதுவரை எந்த டாக்டரும் தேதி கேட்டதில்லை. வேலையில் தேதி இல்லாத செய்தியை நான் திருப்பி அனுப்புகிறவள். என் விஷயத்தில் எனக்கே தேதி தெரியவில்லை. அவர் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். எரிச்சல், அழுகை, கவனம், தூக்கம் என்று வரிகள். தினமும் ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஆறுவரை எண் போட வேண்டும், ஆறு என்றால் மிக மோசம். இரண்டு சுழற்சிக்கு. "ஞாபகத்த நம்பாதீங்க, அன்னன்னிக்கே எழுதுங்க" என்றார்.

அதே வாரம் தங்கை பிரேசர் டவுன் பேச்சை எடுத்தாள். கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் அங்கே வீடு பார்த்திருக்கிறார்கள், மூன்றாவதாக ஆள் தேடுகிறார்கள்.

"போறேன்னு இன்னும் சொல்லல. ரெண்டு மாசம் டைம் கேட்டிருக்கேன்" என்றாள். "இதுக்கு ஒரு வழி இருக்குதுன்னு தெரிஞ்சா இருக்கேன்க்கா. இல்லன்னா என்னால முடியாது. ஒவ்வொரு மாசமும் வாசப்படியில நின்னு, இன்னிக்கு எந்த அக்கா உள்ள இருக்கான்னு யோசிக்க முடியாது."

நான் அந்தத் தாளைக் காட்டினேன். காட்டியதோடு நிற்காமல் ஒன்றைச் சேர்த்தேன். நிருபர் வேலையில் முதலில் கற்றுக்கொடுப்பது, ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதக் கூடாது என்பது. அதனால் அவளும் தனியாக எழுத வேண்டும் என்றேன். என்னைப் பற்றி, அன்றன்று பார்த்ததை.

"என்னை வேவு பாக்கச் சொல்றியா?"

"வேவு இல்லடி. சாட்சி."

"நான் என்ன எழுதினாலும் கோவிச்சுக்க மாட்டியே?"

"படிக்கவே மாட்டேன். ரெண்டு மாசம் முடிஞ்சப்புறம்தான்."

"எழுதிக் குடு."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அதை பிரிட்ஜ் மேல் ஒட்டிவைத்தாள். இரண்டு மாதமும் அவள் நோட்டு அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. நான் தொடவில்லை.

தாளில் கடைசி வரி, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்ததா என்பது. அந்த எண்ணம் எனக்குப் பல வருடமாகவே மாதாமாதம் வரும், போய்விடும். நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கட்டத்தில் எண் போட்டதுதான் முதல் முறையாக வெளியே சொன்னது.

இரண்டாவது மாதம் முடிந்தது ஒரு சனிக்கிழமை. திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டையும் வைத்துப் பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அன்று எனக்கு மூன்றாவது சுழற்சியின் இருபத்துநான்காம் நாள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. அன்று காலையில் என் கையால் 24 என்று எழுதியிருக்கிறேன். இருந்தும் தள்ளிப்போடத் தோன்றவில்லை. திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்பது மட்டும் தலையில் இருந்தது.

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஹாலில் தரையில் உட்கார்ந்தோம். என் தாள் இடது பக்கம், அவள் நோட்டு வலது பக்கம். அவள் நோட்டில் எண்கள் இல்லை, வாக்கியங்கள்தான். 'நல்லா இருந்தா. சிரிச்சா.' 'மூணு தடவை கதவை அறைஞ்சு சாத்தினா.' 'என்ன சமைக்கட்டும்னு கேட்டேன், பதில் இல்லை. திரும்பக் கேட்டேன், கத்தினா.' நான் கடைசி வரியில் ஐந்து போட்டிருந்த நாளில் அவள் எழுதியிருந்தது: 'அக்கா முகம் சரியில்லை. மாத்திரை டப்பா எல்லாத்தையும் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்.'

அந்த வரியில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நாள் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தேன். பொருந்தியது. இரண்டு மாதமும், எல்லா நாளும் பொருந்தின. இரண்டு பேர் தனித்தனியாக எழுதியது ஒன்றுபோல இருந்தது. எனக்கு வந்தது சந்தோஷம்தான், வேறு பெயர் சொல்ல முடியாது. எழுந்து போய்ப் பழைய டைரிகளையும் போனையும் எடுத்துவந்தேன். மாதவிலக்குத் தேதிகளை அங்கங்கே குறித்திருந்தேன். பின்னோக்கி எண்ண ஆரம்பித்தேன். முதல் ராஜினாமா, இருபத்தைந்தாம் நாள். இரண்டாவது, இருபத்துமூன்று. அவள் பிறந்தநாளன்று நான் கேக்கைத் தள்ளிவிட்டது, இருபத்துநான்கு. அவள் தோழிகளை வீட்டுக்கு வரக் கூடாது என்றது, இருபத்தாறு. ஒவ்வொன்றையும் படித்துக் காட்டினேன். பேசும்போது நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அன்று தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தேதியிலேயே அவள் பேச்சை நிறுத்திவிட்டாள் என்பது பிறகு யோசித்தபோதுதான் தெரிந்தது.

"ஓசூர்க்காரங்க வந்தாங்களே, அந்த நாளப் பாரு" என்றேன். "இருபத்தாறு! அப்ப அது நானே இல்லடி."

அவள் கையை நீட்டி என் டைரியின் மேல் வைத்தாள்.

"சாக்குக்கா" என்றாள். "சாக்கு."

எனக்குள் ஏதோ ஏறியது. "எது சாக்கு?" என்றேன். "நான் சாக்கு சொல்றேனா? நீதான் சொல்ற. அவங்க வேணாம்னு சொன்னதுக்கு ஒரு வருசமா என்னைச் சாக்கா வச்சுக்கினு இருக்க. அவங்களுக்கு உன்னைப் பிடிக்கல. அவ்ளோதான். நான் பாத்ரூம்ல இருந்தாலும் ஒண்ணுதான், ஹால்ல இருந்தாலும் ஒண்ணுதான். உன்னை எவனுக்கும் பிடிக்காது."

கீழே மிஷின் ஓடவில்லை, ஞாயிற்றுக்கிழமை. அதனால் நான் சொன்ன எல்லாமே தெளிவாகக் கேட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். எழுந்து அடுப்பை அணைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். சாயங்காலம் வந்து, அவள் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். நான் படுக்கையறையிலிருந்து வெளியே வரவில்லை. நான் சொன்னது சரி என்றுதான் அன்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் தாளை மட்டும் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை பற்றிச் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை மாதவிலக்கு வந்தது. மதியம் ஆபீஸ் கேன்டீனில் தட்டோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கன்னடப் பிரிவில் வேலை செய்யும் பெண். சாம்பார் ஊற்றுகிறவர் இரண்டாவது கரண்டியைச் சாய்க்கும்போது அவள் தட்டின் மேல் கையை விரித்து, "சாக்கு, சாக்கு" என்றாள்.

போதும். கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். பெங்களூரில் ஒரு மாதம் இருந்தவர்களுக்கும் தெரிந்த சொல். ஆட்டோவை நிறுத்த, டம்ளரில் காபி நிரம்பினால், பேரம் படியாவிட்டால். நானே தினமும் சொல்கிற சொல். கன்னடக்காரர்கள் நடுவிலிருக்கும் எழுத்தை அழுத்தாமல் சொல்வார்கள். காதுக்கு அதுதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் அந்த வித்தியாசமும் போய்விடும். நாள் முழுக்கக் கன்னடத்தில் பேசிவிட்டு வருகிற என் தங்கை வீட்டிலும் அதைத்தான் சொல்வாள். ரசம் போதும் என்றால் சாக்கு. டிவி சத்தம் போதும் என்றால் சாக்கு. அவள் சொல்லி நான் நூறு முறை கேட்டிருப்பேன். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் காது அதை வாணியம்பாடித் தமிழாகக் கேட்டது.

தட்டை மேஜையில் வைத்துவிட்டு மாடிப்படிக்குப் போய்ப் போன் செய்தேன். இரண்டாவது முறை எடுத்தாள்.

"அன்னிக்கு நீ சாக்குன்னு சொன்னியே, அது கன்னடம்தானே?"

"ஆமா."

"நான் தமிழ்னு நினைச்சுக்கினேன்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"அப்பவே தெரியும். நீ திரும்பச் சொன்ன உடனேயே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏண்டி சொல்லல? போதும்னுதான் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

அவள் பக்கம் யாரோ வாடிக்கையாளரிடம் கன்னடத்தில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"சொல்லியிருந்தா என்ன ஆகும்க்கா? நீ தப்பாக் கேட்டுட்டேன்னு ஆகும். சரி. ஆனா அதுக்கு நீ சொன்ன பதிலு? அது தப்பாக் கேட்டதால வந்ததில்லையே. யோசிக்கவே இல்ல நீ. ரெடியா வச்சிருந்த."

சொல்லக்கூடிய பதில்கள் எல்லாம் தேதியில் போய் முடிந்தன.

"லஞ்ச் டைம் முடிஞ்சுது" என்று வைத்துவிட்டாள்.

அதை இன்றுவரை யோசிக்கிறேன். அந்த நாட்களில் வருவது என்னுடையது இல்லையா, அல்லது மற்ற நாட்களில் நான் அடக்கிவைத்திருப்பதா? டாக்டரிடம் கேட்டேன். அவருடைய பதில் நேர்மையானது: மனநிலை மாறுவதை மருந்தால் குறைக்க முடியும், எந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எந்தத் தாளும் காட்டாது. நோய்க்கு ஒரு நீளமான பெயர் சொன்னார். மாதவிலக்குக்கு முந்தைய மனநிலைக் கோளாறு. அதன் கடுமையான வகை. எனக்கு இருப்பது போன்ற மூளை உள்ளவர்களிடம் அதை அடிக்கடி பார்ப்பதாகவும் சொன்னார். இருபதாம் நாளுக்குப் பிறகு சாப்பிட வேறொரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது வேலை செய்தது. ஐந்து போட்ட கட்டங்களில் மூன்று போடுகிறேன். கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான். ஆகவே தங்கை கேட்ட வழி இருந்தது. அது தெரிய வந்தபோது அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள்.

அந்த வியாழக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெம்போ வந்தது. நான்தான் மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டினேன். பிளைவுட் கடைக்காரர் தானாக வந்து பீரோவுக்கு ஒரு பக்கம் கைகொடுத்தார்.

"கல்யாணமாம்மா?" என்று தங்கையைக் கேட்டார்.

"இல்லண்ணா. ஆபீஸ் பக்கம்" என்றாள்.

மிக்ஸியை யார் எடுத்துக்கொள்வது என்று படியில் நின்று வாக்குவாதம் செய்தோம். நான் எடுத்துப் போ என்றேன், அவள் வேண்டாம் என்றாள். கடைசியில் அது இங்கேயே இருக்கிறது. டெம்போவில் ஏறுவதற்கு முன் அவள் ஒரு நிபந்தனை சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். இருபதாம் நாளுக்குப் பிறகு வரமாட்டாள். எந்த நாள் என்று நான்தான் சொல்ல வேண்டும், அவள் எண்ணிக்கொண்டிருக்க மாட்டாள். "அந்த வேலைய இனிமே நீயே பாத்துக்க" என்றாள்.

அப்படித்தான் ஓடுகிறது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், சில மாதம் மூன்று. சமைக்கிறோம், அம்மாவுக்கு வீடியோ கால் போடுகிறோம், அவள் ஆபீஸ் கதைகளுக்குச் சிரிக்கிறோம். ஓசூர் பற்றிப் பேசுவதில்லை. நான் சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். "சரிக்கா" என்றாள். அந்த 'சரி'க்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சை எடுத்தால் இப்போது அவளே வேண்டாம் என்கிறாள்.

எனக்கு நாற்பது முடிந்துவிட்டது. போன வருடத்திலிருந்து நாள் கணக்கு சரியாக வருவதில்லை. ஒரு மாதம் இருபத்தொன்பது, ஒரு மாதம் இருபத்துமூன்று. இனி இப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர், சில வருடத்துக்கு. எந்த நாளை இருபது என்று சொல்வது என்று எனக்கே தெரியாத மாதங்கள் வருகின்றன.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் எண்ணிக்கைப்படி பதினாறாம் நாள். வரலாம் என்று சொல்லியிருந்தேன். காலையில் பல் தேய்க்கும்போது பேஸ்ட்டின் வாசனை மூக்கைப் பிளந்தது. துண்டைக் கொடியிலிருந்து எடுத்தேன், அது ஒரு மூலையில் மாட்டிக்கொண்டது. நான் இழுத்த இழுப்பில் கொடி அறுந்து துணியெல்லாம் தரையில் விழுந்தது. அந்தத் துணிகளைப் பார்த்தபோது முதலில் தோன்றிய நினைப்பு, இவள் வந்தாலே இப்படித்தான் என்பது. அவள் இன்னும் வந்துகூடச் சேரவில்லை.

போனை எடுத்தேன்.

"எங்க இருக்க?"

"ஆடுகோடி சிக்னல். பஸ்ல. மட்டன் வாங்கியிருக்கேன், இஞ்சி இருக்குதா வீட்டுல?"

"வராத" என்றேன்.



"பதினாறுன்னு சொன்னியேக்கா."

"தப்பு. தப்பா எண்ணிட்டேன். வராத."

எதிர்த்துப் பேசுவாள் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் வந்துவிடுவேன், சமைத்துவைத்துவிட்டு உடனே போய்விடுகிறேன் என்பாள் என்று. அப்படிச் சொல்லியிருந்தால் நான் சரி என்றிருப்பேன். அவள் கண்டக்டரிடம் ஸ்டாப் உண்டா என்று கன்னடத்தில், "ஸ்டாப் இதெயா?" எனக் கேட்பது காதில் விழுந்தது. கதவு திறக்கும் சத்தம், பிறகு ரோட்டின் சத்தம்.

"எறங்கிட்டேன்" என்றாள். "நீ சாப்பிட்டியா?"

"இல்ல."

"ஏதாவது சாப்பிடு. மாத்திரை இருக்குதா?"

"இருக்கு."

ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்றால்தான் திரும்பிப் போக சிவாஜிநகர் பஸ் கிடைக்கும் என்று சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றாள்.